கேள்விக்கு மேலே இருக்கும் அந்த ஒரு வரி

ஆங்கிலத் தேர்வில் விடை தெரிந்தும் மதிப்பெண் போகிறது என்றால், பல நேரம் குறை பாடத்தில் இருப்பதில்லை. கேள்விக்கு மேலே உள்ள கட்டளை வரியைப் பிள்ளை பாதியோடு விட்டிருக்கும். அதற்கு அலட்சியம் மட்டுமே காரணமில்லை. ‘சாய்ந்த எழுத்தில் உள்ள சொல்லுக்கு எதிர்ச்சொல்லைத் தேர்ந்தெடுத்து, குறியீட்டோடு விடையையும் எழுதுக’ என்று தமிழில் படித்தால் ‘எழுதுக’ கடைசியில்தான் வருகிறது. அதற்குள் நிபந்தனைகள் எல்லாம் மனதில் ஏறிவிடும். ஆங்கிலத்திலோ ‘சூஸ்’, ‘ரைட்’, ‘ரீரைட்’ என்று ஏவல் முதலில் நிற்கும், நிபந்தனைகள் வாலாக வரும். வினைச்சொல்லைப் பார்த்ததும் நம் பிள்ளைகளின் கண் கேள்விக்கு இறங்கிவிடுகிறது.

அதனால் கட்டளை வரியை வாலிலிருந்து படிக்கப் பழக்குங்கள். எத்தனை எழுத வேண்டும், எதிலிருந்து, எந்த வடிவில், எதைச் செய்யக் கூடாது என்ற நான்குக்கும் அந்த வரியிலேயே பதில் இருக்கும்.

‘எத்தனை’ என்பதற்கு ஆங்கிலமே வேண்டாம். வலது ஓரத்தில் 10×2=20 என்று இருந்தால் பத்துக் கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 2 மதிப்பெண். கீழே பதினான்கு கேள்வி அச்சாகியிருந்தாலும் கணக்கு 20-க்கு மேல் போகாது. ஆனால் கடலூர்ப் பக்கத்து மாநில வாரியத் தாளில் ஒரு கண்ணி உண்டு. பத்தாம் வகுப்புக் கணிதத்தில் 15 முதல் 28 வரை பதினான்கு கேள்விகள். ‘ஆன்சர் எனி டென்’ என்பதோடு வரி முடியவில்லை. 28-ஆம் கேள்வி ‘கம்பல்சரி’ என்று தொடரும். அதாவது 15 முதல் 27 வரை உள்ளவற்றில் ஏதேனும் ஒன்பது, கூடவே 28. அந்த வாலை விட்டவர் பத்தும் சரியாகப் போட்டிருந்தாலும் கணக்கில் வருவது ஒன்பதுதான். ஆங்கிலவழிப் பிள்ளைகளுக்குக் கணிதத் தாளும் ஓர் ஆங்கிலத் தேர்வுதான்.

ஆங்கிலத் தாளின் தொடக்கத்தில் முதல் மூன்று ‘சினானிம்’, அடுத்த மூன்று ‘ஆன்டனிம்’. முதல் மூன்றைப் போட்ட வேகத்தில் நான்காவதற்கும் ஒத்த பொருளையே தேடுகிறார்கள். எதிர்ச்சொல் கேட்கும் இடத்தில் ஒத்த சொல்லும் ஒரு தெரிவாக உட்கார்ந்திருந்தால் கை நேரே அங்கே போகும். இன்னொரு இழப்பு, குறியீட்டை மட்டும் எழுதுவது. ‘ஆப்ஷன் கோட் அண்ட் தி கரஸ்பாண்டிங் ஆன்சர்’ என்றால் ‘பி’ என்று குறியீட்டை எழுதி நிறுத்தக் கூடாது, பக்கத்தில் விடையும் வேண்டும்.

இலக்கணப் பகுதியில் நல்ல ஆங்கிலம் எழுதியும் மதிப்பெண் போகும். ஓர் எடுத்துக்காட்டு: ‘இட் ரெயின்ட் ஹெவிலி. தி பஸ் டு கடலூர் கேம் ஆன் டைம்.’ இரண்டையும் ‘இன் ஸ்பைட் ஆஃப்’ கொண்டு இணைக்கச் சொல்கிறார்கள். பிள்ளை ‘தோ இட் ரெயின்ட் ஹெவிலி...’ என்று தொடங்குகிறது. வாக்கியம் சரி, பொருளும் சரி. கேட்ட வடிவம் இல்லை. ‘இன் ஸ்பைட் ஆஃப் தி ஹெவி ரெயின், தி பஸ் டு கடலூர் கேம் ஆன் டைம்’ என்பதுதான் விடை. ‘இன் ஸ்பைட் ஆஃப்’ பின்னால் பெயர்ச்சொல் வர வேண்டும், ‘தோ’ பின்னால் முழு வாக்கியம் வரும். சோதிக்கப்படுவதே அந்த வேறுபாடுதான்.

அன்றாடப் பொருளில் தெரிந்த சொற்களும் ஏமாற்றும். ‘ஸ்டேட்’ என்றால் மாநிலம் என்றுதான் பழக்கம், கேள்வியில் அது ‘கூறுக’. ‘அக்கவுண்ட் ஃபார்’ என்பதற்கும் வங்கிக்கும் சம்பந்தமில்லை, காரணம் சொல்லச் சொல்கிறார்கள். ‘ட்ரா எ கன்க்ளூஷன்’ என்ற இடத்தில் பென்சில் எடுக்க வேண்டாம், முடிவுக்கு வரச் சொல்கிறார்கள். மாநில வாரியத் தாளின் தலைப்பில் ‘ஃபேர்னஸ் ஆஃப் பிரிண்டிங்’ என்று ஒன்று வரும். அச்சில் குறை இருந்தால் அறைக் கண்காணிப்பாளரிடம் சொல் என்பதுதான் அது. பக்கத்திலேயே உள்ள தமிழ் வரி, அந்த ஆங்கிலத்தைவிட எவ்வளவோ தெளிவு.

முள்ளோடை எல்லையைத் தாண்டிப் புதுச்சேரிக்குள் போனால் தாளின் குணமே வேறு. அங்கே அரசுப் பள்ளிகள் சிபிஎஸ்இ பாடத்திட்டத்துக்கு மாறிவிட்டன. இலக்கணத்தில் ‘எனி டென் ஆஃப் ட்வெல்வ்’ என்பார்கள்: பன்னிரண்டில் பத்து. ‘நாட்’ (அல்ல), ‘எக்செப்ட்’ (தவிர) போன்ற சொற்கள் பெரிய எழுத்தில் வரும். தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற பிரிவே இல்லாததால் பிள்ளைகளுக்கு அது அலங்காரமாகத்தான் படுகிறது. உண்மையில் அது எச்சரிக்கை. ‘நாட் ட்ரூ’ என்று கேட்டால் நான்கு தெரிவுகளையும் மனதுக்குள் சரி, தவறு என்று பிரிக்கச் சொல்லுங்கள். மூன்று சரியாகவும் ஒன்று தவறாகவும் தேறினால் அந்தத் தவறுதான் விடை. இரண்டு தவறாக வந்தால் பத்தியைத் திரும்பப் படிக்க வேண்டும்.

‘அசர்ஷன் – ரீசன்’, அதாவது கூற்று – காரணம் கேள்விக்குத் தமிழே கைகொடுக்கும். இரண்டு கூற்றும் உண்மை என்று உறுதியான பிறகு, நடுவில் ‘ஏனெனில்’ போட்டுப் படிக்க வேண்டும். ‘உப்பளத்தில் உப்பு விளைகிறது, ஏனெனில் வெயிலில் நீர் ஆவியாகிறது’ பொருந்துகிறது. ‘உப்பளத்தில் உப்பு விளைகிறது, ஏனெனில் உப்பு வெள்ளை நிறம்’ என்றால் இரண்டும் உண்மை, ஆனால் இரண்டாவது முதலாவதற்குக் காரணமல்ல. பிள்ளைகள் தடுமாறுவது இந்த இரண்டாம் வகையில்தான்.

சொல் எண்ணிக்கைக்கு, தன் கையெழுத்தில் ஒரு வரிக்கு எத்தனை சொல் விழுகிறது என்று வீட்டிலேயே ஒரு முறை எண்ணிவைத்தால் போதும். வரிக்கு எட்டு என்றால் 40 சொல் ஐந்து வரி. தேர்வறையில் விரல்விட்டு எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம்.

வினாத்தாள் வாசிக்க மாநில வாரியம் 10 நிமிடமும் சிபிஎஸ்இ 15 நிமிடமும் தருகின்றன. அந்த நேரத்தில் முதல் கேள்விக்கு விடை யோசிக்கத் தொடங்கிவிடுகிறார்கள். அதற்குப் பதில் முதல் சுற்றில் கட்டளை வரிகளை மட்டும் தாளின் கடைசிப் பக்கம் வரை படித்துவிட வேண்டும். வீட்டில் பழக, பழைய வினாத்தாள் ஒன்றை எடுத்துக் கேள்விகளைக் காகிதத்தால் மறைத்துவிடுங்கள். வெளியே தெரியும் வரியைப் படித்து, என்ன செய்ய வேண்டும் என்று பிள்ளை தமிழில் சொல்லட்டும். எத்தனை என்பது அந்தப் பதிலில் விடுபட்டிருந்தால், அதே வரியைத் திரும்பப் படிக்கச் சொல்லுங்கள்.