ரயிலில் மாற்றுத்திறனாளி ஒதுக்கீடு: லோயர் பெர்த் யாருக்கு, விட்டுக்கொடுப்பது எப்படி?

மாற்றுத்திறனாளி ஒதுக்கீட்டில் ஏறியவர்களுக்குள்ளேயே லோயர் பெர்த்துக்காகச் சங்கடம் வருவது உண்டு. இடம் அவ்வளவு குறைவு. ஒரு வண்டியில் ஸ்லீப்பர் வகுப்பில் 4 படுக்கை, மூன்றடுக்கு ஏ.சி.யில் 4 படுக்கை. இரண்டிலும் லோயர் 2 மட்டுமே. மற்ற இரண்டும் துணைக்கு வருபவர்களை மனத்தில் வைத்து ஒதுக்கிய மிடில்.

இணையத்தில் இந்த ஒதுக்கீட்டில் பதிவு செய்ய ரயில்வே தரும் தனி அடையாள அட்டை வேண்டும். மத்திய அரசின் மாற்றுத்திறனாளி அடையாள அட்டையான யு.டி.ஐ.டி. இருந்தாலே ரயில் கட்டணச் சலுகை கிடைத்துவிடும் என்று நினைத்துத்தான் பலர் கவுன்டரில் ஏமாந்து திரும்புகிறார்கள். சலுகை நான்கு பிரிவினருக்கு: முற்றிலும் பார்வையற்றோர், பேச்சும் கேட்புத்திறனும் இரண்டுமே முழுதாக இல்லாதோர், துணையின்றிப் பயணிக்க முடியாத கை கால் பாதிப்புள்ளோர், துணையின்றிப் பயணிக்க முடியாத அறிவுசார் குறைபாடுள்ளோர். ரயில்வேயின் படிவத்திலேயே அரசு மருத்துவர் சான்று தர வேண்டும். நிரந்தரக் குறைபாடு என்றால் 25 வயது வரை உள்ளவருக்குச் சான்று 5 ஆண்டு செல்லும். 26 முதல் 35 வரை 10 ஆண்டு. அதற்கு மேல் ஆயுளுக்கும். காலாவதியைப் பயணத்துக்கு முந்தைய நாள் பார்த்துப் பயனில்லை.

வண்டியில் ஏறிய பின் டிக்கெட்டில் எவர் பெயருக்கு எந்தப் படுக்கையோ அது அவருடையது. விட்டுத்தரும்படி கேட்கலாம், வற்புறுத்தக் கூடாது. முதலில் டிக்கெட் பரிசோதகரான டி.டி.இ.யிடம் கேளுங்கள்: காலியாகும் லோயர் பெர்த்தை, மிடில் அல்லது அப்பர் கிடைத்த மாற்றுத்திறனாளிக்குத் தர அவருக்கு அதிகாரம் உண்டு. அது முடியாதபோதுதான் சக பயணி. தண்டுவடப் பாதிப்புள்ளவரால் மிடிலுக்கு ஏறவே முடியாது. பார்வையற்ற இளைஞர் ஒருவரால் முடியலாம். முடியுமா என்பதை அவர்தான் சொல்ல வேண்டும்.

பார்வையற்றவர் இடம் மாறினால் புதிய படுக்கை எண், கழிப்பறை எந்தப் பக்கம், பை எங்கே இருக்கிறது என்று வாயால் சொல்லுங்கள். கோலையும் செருப்பையும் நகர்த்தாதீர்கள். காது கேளாதவரிடம் பின்னாலிருந்து தோளை உலுக்காமல், எதிரே வந்து போனில் எழுதிக் காட்டுங்கள். மாறிய விவரத்தை டி.டி.இ.யிடம் சொல்லிவிட்டால் இரவில் வீணாக எழுப்ப மாட்டார்.

தூங்கும் நேரம் இரவு 10 முதல் காலை 6 வரை. ஆனால் உடல்நலமில்லாதோர், மாற்றுத்திறனாளிகள், கர்ப்பிணிகள் கூடுதல் நேரம் படுக்க மற்றவர்கள் ஒத்துழைக்க வேண்டும் என்று 2017-இல் ரயில்வே வாரியமே கேட்டுக்கொண்டது. ஆறு மணி அடித்ததும் மிடிலை மடக்கச் சொல்பவரிடம் இதைப் பணிவாகச் சொல்லலாம்.

இன்னொருவரைப் பார்த்து “உங்களுக்கு என்ன குறை?” என்று கேட்பதுதான் நமக்குள் அதிகம் புண்படுத்துவது. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்கிறது. தலசீமியா, ஹீமோபிலியா, ஆட்டிசம் எல்லாம் அதில் அடக்கம், பார்த்தவுடன் தெரியாது. அட்டையைச் சரிபார்ப்பது டி.டி.இ.யின் வேலை.

முன்பதிவில்லாத மாற்றுத்திறனாளிகள் பெட்டி பெரும்பாலும் வண்டியின் முனையில், கார்டு (ரயில் மேலாளர்) அறையோடு சேர்ந்திருக்கும். கார்டு பயணிப்பது பின்முனையில். சிறு நிலையங்களில் வண்டி இரண்டு நிமிடமே நிற்கும் என்பதால் பின்முனைப் பெட்டியில் ஏறினால், சக்கர நாற்காலி ஏறுகிறது என்று அவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். சக்கர நாற்காலியில் வருபவரைத் தூக்க ஆட்கள் தேவை. அவரைக் கடைசிக்கு விட்டால் வண்டி நகர்ந்துவிடும். முதலில் அவர், பிறகு மற்றவர்கள், மூட்டைகள் கடைசியில். நாற்காலியை மடக்கி ஓரமாகக் கட்டுங்கள். கழிப்பறை வழியை அடைத்தால், கைப்பிடியைத் தடவி நடக்கும் பார்வையற்றவர் அதில்தான் இடிப்பார்.

இந்தப் பெட்டியில் இருக்கைக்கு எண் கிடையாது. பகலில் கூட்டம் இருந்தால், உட்கார முடிந்தவர் நீட்டிப் படுத்து இடம் பிடித்துக்கொள்ளக் கூடாது. உட்காரவே முடியாதவருக்கு மட்டும் அது விலக்கு.

உரிமையில்லாத மற்றவர்கள் ஏறி நிறைத்துவிட்டால் நீங்களே சண்டைக்குப் போக வேண்டாம். ரயில்வே உதவி எண் 139-ஐ அழைத்து வண்டி எண், பெட்டி இருக்கும் முனை, அடுத்த நிறுத்தம் மூன்றையும் சொல்லுங்கள். ரயில்வே சட்டம் 155-ஆம் பிரிவின்படி அவர்களை இறக்கிவிடலாம், 500 ரூபாய் வரை அபராதமும் உண்டு. அடுத்த நிறுத்தத்தின் பெயரைச் சொல்லாமல் விட்டால் காவலர்கள் எங்கே வந்து ஏறுவது என்பதிலேயே நேரம் போய்விடும்.