தடம்புரட்டி வேணாம், சங்கிலித்தள்ளி போதும்

நேத்து காட்பாடியில நான் வழக்கமா போற சைக்கிள் கடையில ஒக்காந்திருந்தேன். காலேஜ் பையன் ஒருத்தன் கியர் சைக்கிளை உருட்டிக்கினு வந்தான், போனைப் பாத்து படிக்கிறான்: "அண்ணா, முன் தடம்புரட்டி தவறா சீரமைஞ்சிருக்காம், பாக்கறீங்களா?" மெக்கானிக் அண்ணன் கையில இருந்த ஸ்பேனரை கீழ வச்சிட்டாரு. "இன்னாபா சொல்ற, எந்த வண்டி தடம்புரண்டுச்சி?" நெஜமாவே பதறித்தான் கேட்டாரு. ஜங்ஷன் ஊரு இது, எங்க தெருவுலயே ரயில்வே ஆளுங்க நாலு வீடு. தடம்புரண்டுச்சின்னா இங்க யாருக்கும் சைக்கிள் ஞாபகம் வராது.

இந்த "தடம்புரட்டி"ங்கிற சொல்லை ஒரு வீடியோவுல கேட்டேன், ஒரு கையேட்டுல பாத்தேன், இப்ப இந்தப் பையன் வாயிலயும் வந்துடுச்சி. அதான் எழுதறேன்.

அந்தப் பையன் சொன்ன பாகம் என்னன்னா, பெடல்கிட்ட ரெண்டு மூணு செயின் வீல் இருக்கில்ல, அதுங்களுக்கு மேல சீட்டு பைப்புல ஒரு சின்ன பாகம் மாட்டியிருக்கும், ரெண்டு தகடு, நடுவுல செயின் ஓடும். கியர் மாத்தினா வயர் இழுத்து தகடு வெளிப்பக்கம் போவும், செயின் பெரிய வீலுக்கு ஏறும். வயரை விட்டா ஸ்ப்ரிங் உள்ள இழுத்துக்கும், செயின் சின்ன வீலுக்கு எறங்கும். அவ்ளோதான் அதோட வேலை. இங்கிலீஷ்காரன் டீரெய்லர் (derailleur)ங்கிறான், அது பிரெஞ்சு சொல்லு, தண்டவாளத்துல இருந்து எறங்கறதுன்னு அர்த்தம் வர்ற வினையில இருந்து வந்தது, அதுல இருக்கற ரெயிலே பிரெஞ்சுக்காரங்க இங்கிலீஷ்ல இருந்து வாங்கினதுதான். பால் தெ விவின்னு ஒரு பிரெஞ்சுக்காரர் 1900களோட ஆரம்பத்துலயே இந்த மாதிரி கியருக்காக வாதாடினாரு, ஆனா டூர் தெ பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்துல இதை அனுமதிச்சது 1937லதான்.

சரி, மூலத்துல "தடம் எறக்கறது"ன்னு இருக்கே, அப்ப தடம்புரட்டி சரிதானேன்னு கேப்பாங்க. இங்கதான் எனக்கு ஆத்திரம் வருது. தமிழ்ல தடம்புரளுதல்னா விபத்து, நல்ல அர்த்தமே கெடையாது, மனுசன் கெட்டுப்போனாலும் தடம்புரண்டுட்டான்னுதான் சொல்றோம். இந்தப் பாகம் எதையும் பொரட்டல, செயினை ஒரு வீல்ல இருந்து பக்கத்து வீலுக்கு ஒழுங்கா கொண்டுபோயி சேக்குது. இன்னும் முக்கியமான விஷயம், இது கெட்டுப்போனா என்ன ஆவுது? செயின் வீலை விட்டு வெளிய விழுந்துடும். அப்ப இவங்க கணக்குல எப்படி எழுதறது, "தடம்புரட்டி சரியில்லாததால் சங்கிலி தடம்புரண்டது"ன்னா? வேலைக்கும் கோளாறுக்கும் ஒரே பேரு வச்சா படிக்கறவனுக்கு என்ன புரியும்? போன வருசம் ஏலகிரி ஏறறப்ப, 14 கொண்டை ஊசி வளைவுல மூணாவது வளைவுலயே, சின்ன வீலுக்கு மாத்தினேன், செயின் உள்பக்கம் விழுந்து பிரேம்ல கரகரன்னு தேய்ச்சி பெயின்ட்டே போயிடுச்சி. அதுதான் செயின் கழண்டுக்கறது. அந்தச் சொல்லு நம்ம ஊர்ல சின்னப் பசங்களுக்கும் தெரியும், அதை அப்படியே விட்டுடணும்.

கொண்டை ஊசி வளைவையே பாருங்க, அதுவும் மொழிபெயர்ப்புதான், ஆனா போட்டவன் ரோட்டைப் பாத்திருக்கான், அம்மா தலையில இருக்கற ஊசியையும் பாத்திருக்கான். தடம்புரட்டி போட்டவன் அகராதியைத் தவிர வேற எதையும் பாக்கல.

"கியர் மாற்றி"ன்னும் ஒண்ணு ஓடுது. அதுவும் வேணாம், கைப்பிடியில வெரலால தள்றோமே அதுதான் கியர் மாத்தறது, ரெண்டுக்கும் ஒரே பேரு ஆயிடும்.

என்னைக் கேட்டா சங்கிலித்தள்ளி. மரங்கொத்தி, பூச்சிக்கொல்லி மாதிரி, எதை என்ன பண்ணுதுன்னு பேருலயே இருக்கு. கடையில செயின்தள்ளின்னு சொன்னாலும் எனக்குச் சண்டை இல்ல, தள்ளிதான் முக்கியம். முன்னாடி இருக்கறது முன் சங்கிலித்தள்ளி, பின் சக்கரத்துகிட்ட இதே வேலையைப் பண்றது பின் சங்கிலித்தள்ளி.

இந்த "தவறா சீரமைஞ்சிருக்கு"வையும் விட்டுடுங்க. தமிழ்ல இதுக்கு தனித்தனியா சொல்லு இருக்கு. அந்தப் பையன் சைக்கிளை மெக்கானிக் மேல இருந்து குனிஞ்சி பாத்துட்டு "கோணிக்கினு கீதுபா"ன்னாரு, தகடு செயின் வீலுக்கு நேரா இல்லாம பின்பக்கம் உள்ள திரும்பியிருந்துது, எங்கியோ சைக்கிள் சாஞ்சி விழுந்திருக்கணும். கூடவே "ஏறியும் கீது"ன்னாரு, அதாவது வெளித்தகட்டுக்கும் பெரிய வீலோட பல்லுக்கும் நடுவுல எடம் ரொம்ப ஜாஸ்தி, 1ல இருந்து 3 மில்லிமீட்டர்தான் இருக்கணும். கோணினது வேற, ஏறினது வேற, ரெண்டையும் "தவறான சீரமைவு"ல போட்டு மூடினா எதைத் திருப்பறதுன்னு எவனுக்குத் தெரியும். அவரு வயரை லூசாக்கி, ஆலன் கீ போட்டு, பாகத்தை சீட்டு பைப்போட பிடிச்சிருக்கற பட்டையைத் தளத்தி, 1 ரூபா காசை பல்லுக்கும் தகட்டுக்கும் நடுவுல வச்சி எறக்கினாரு, தகட்டை வீலுக்கு நேரா திருப்பி முறுக்கினாரு. அப்பறம் ரெண்டு சின்ன ஸ்க்ரூ. ஒண்ணு தகடு உள்ள எவ்ளோ போவலாம்னு நிறுத்தும், இன்னொண்ணு வெளிய. கையேட்டுல "வரம்பு திருகு"ன்னு போட்டிருக்கான், அது பரவால்ல, வயல் வரப்பு தெரிஞ்சவனுக்கு வரம்பும் புரியும். முன்னாடி சின்ன வீலு, பின்னாடி பெரிய பல்வீலு, அப்படி வச்சி செயினுக்கும் உள்தகட்டுக்கும் நடுவுல அரை மில்லிமீட்டர் விட்டு உள் ஸ்க்ரூவை நிறுத்தினாரு. முன்னாடி பெரிசு பின்னாடி சின்னது வச்சி வெளிப்பக்கத்துக்கும் அதே மாதிரி. கடைசியா வயரை இழுத்துக் கட்டினாரு.

பையன் பெடலைக் கையால சுத்திக்கினே கியரை மாத்திப் பாத்தான், செயின் சத்தமில்லாம ஏறிச்சி. "அண்ணா, இதுக்குப் பேரு என்னண்ணா?"ன்னு கேட்டான். "செயினைத் தள்ளுதில்ல, அதாம்பா"ன்னு சொல்லிட்டு அவரு அடுத்த வண்டியோட டியூப்பைத் தண்ணியில முக்க ஆரம்பிச்சிட்டாரு.