பின்செல்லும் பொத்தானும் வலது தோளும்

இந்த மாதத்தில் இவர் மூன்றாவது ஆள். வலது தோளின் பின்புறம் குத்தல், கழுத்தைத் திருப்பினால் இழுப்பு, மாலையில் அதிகம், விடுமுறை நாளில் வலி இருந்த இடமே தெரியாது. கையில் எக்ஸ்ரே, எம்.ஆர்.ஐ., இரண்டு வகை மாத்திரை, புதிதாக வாங்கிய தலையணை பற்றிய வருத்தம். விடுமுறை நாளில் ஓடிப்போகும் வலியை எம்.ஆர்.ஐ. படத்தில் தேடி அலைந்திருக்கிறார், பாவம்.

"என்ன வேலை செய்கிறீர்கள் அம்மா?"

"கம்ப்யூட்டர்தான் டாக்டர்."

இயன்முறை மருத்துவத் (பிசியோதெரபி) தொழிலுக்கு நான் வந்த நாளிலிருந்து இந்தப் பதிலைக் கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டது. கம்ப்யூட்டர் என்பது ஒரு வேலையா, ஓர் அசைவா? மேசையில் அமர வைத்து, "வழக்கமாகச் செய்வதை அப்படியே செய்து காட்டுங்கள்" என்றேன். விண்ணப்பங்களைச் சரிபார்ப்பவர். பட்டியலில் ஒரு விண்ணப்பத்தைத் திறக்கிறார். திரையின் வலது ஓரத்துப் பட்டையைப் பிடித்து இழுத்தபடி கடைசி வரை படிக்கிறார். பிறகு பட்டியலுக்குத் திரும்ப, இடது மேல் மூலையில் இருக்கும் அம்புக்குறிக்குப் போகிறார். மறுபடி வலது ஓரம். மறுபடி இடது மூலை. அகலமான திரை, அதை முழுவதும் அடைத்துக்கொண்ட உலாவி. முழங்கை மேசையைத் தொடவே இல்லை. எத்தனை முறை பின்செல்கிறார் என்று எண்ணத் தொடங்கியவன் இருபதைத் தாண்டியதும் நிறுத்திவிட்டேன்.

"திரும்பிப் போக வேறு வழி இல்லையா?"

"பொத்தான் அங்கேதானே இருக்கிறது. முதலில் கஷ்டமாக இருந்தது. இப்போது பழகிவிட்டது."

இந்தப் 'பழகிவிட்டது' என்ற சொல்தான் என்னை இந்தக் கட்டுரையை எழுத வைத்தது.

எது பழகியது என்று ஒரு நிமிடம் யோசியுங்கள். பொத்தான் இருக்கும் இடம் மனத்தில் பதிந்துவிட்டது. தேடாமல் போகிறீர்கள். அவ்வளவுதான். திரையின் அகலம் உங்களுக்காக ஒரு விரற்கடைகூடக் குறையவில்லை. கை நேற்று கடந்த தூரத்தையே இன்றும் கடக்கிறது. சொல்லப்போனால் பழக்கம் நிலைமையை மோசமாக்குகிறது. முன்பு தயங்கித் தயங்கிப் போனபோது நடுவில் கைக்குச் சற்று ஓய்வு கிடைத்தது, இப்போது அதுவும் இல்லை. பழகுவது மூளையின் வேலை. தோளுக்கும் முன்கைக்கும் அந்தக் கெட்டிக்காரத்தனம் கிடையாது. சுமை தூக்குபவருக்குப் பழகிப் பழகித் தசை வலுப்படுகிறதே என்று கேட்பவர்கள் உண்டு. அவர் தூக்குகிறார், இறக்குகிறார், மூச்சு விடுகிறார். நீங்கள் கையை அந்தரத்தில் பிடித்துக்கொண்டு எட்டு மணி நேரம் இறக்குவதே இல்லை. இரண்டும் ஒன்றல்ல.

"மவுஸ் என்ன கனமா இருக்கிறது?" என்று அடுத்த கேள்வி வரும். மவுஸின் எடையா பிரச்சினை? உங்கள் கையின் எடை என்ன ஆயிற்று? முழங்கைக்குத் தாங்கல் இல்லாவிட்டால் முழுக் கையையும் தோள்தான் சுமக்கிறது.

தூரம் பாதிக் கதைதான். போய்ச் சேர்ந்த இடத்தில் நிறுத்த வேண்டும். 1954-ல் பால் ஃபிட்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் கை அசைவை அளந்து ஒரு விதி சொன்னார். இலக்கு எவ்வளவு தொலைவில், எவ்வளவு சிறியதாக இருக்கிறதோ, அதற்கேற்ப அதைத் தொடுவதற்கு நேரம் கூடும். மவுஸ் பரவலாவதற்கு வெகு காலம் முன்பு சொல்லப்பட்டது மவுஸுக்கும் பொருந்துகிறது. திரையின் விளிம்பை ஒட்டிய இலக்கு மட்டும் விதிவிலக்குபோல் எளிதாகிவிடும். எவ்வளவு வேகமாகத் தள்ளினாலும் அம்பு விளிம்பில் தானே நின்றுவிடும். இதில் ஒரு வேடிக்கை பாருங்கள். உலாவியை முழுத்திரையாக விரித்தால் பல உலாவிகளில் தாவல்கள் (டேப்கள்) மேல் விளிம்பை ஒட்டிக்கொள்கின்றன. அவற்றைவிட ஓயாமல் தேவைப்படுகிற அந்த அம்புக்குறி ஒரு வரிசை கீழே, விளிம்பைத் தொடாமல் நிற்கிறது. தூரமாக ஓடிச் சரியாக அதன்மேல் நிற்க வேண்டும். அந்த நிறுத்தலில்தான் முன்கைத் தசைகள் இறுகுகின்றன. போதாக்குறைக்கு எழுத்து நிறையத் தெரிய வேண்டுமென்று அம்புக்குறி இருக்கும் கருவிப்பட்டியையே சுருக்கி வைப்பவர்களும், பக்கத்தில் பத்துச் சின்னங்களை நெருக்கி அடுக்குபவர்களும் இருக்கிறார்கள். ஒன்றுக்கு ஒன்று இடிக்கும்படி வைத்துக்கொண்டு, தவறிப் புதுப்பிக்கும் பொத்தானை அழுத்தி, அரைமணி நேரம் நிரப்பிய படிவம் போயிற்று என்று என்னிடம் புலம்பாதீர்கள்.

அம்புக்குறி மேல் இடது மூலையில்தான் இருக்க வேண்டும் என்று எந்த வேதமும் சொல்லவில்லை. 1993-ல் வந்த மொசைக் உலாவியின் யூனிக்ஸ் பதிப்பில் பின்செல்லும் பொத்தான் சாளரத்தின் அடியில் இருந்தது. அரபு, ஹீப்ரு மொழிகளில் உலாவி திறப்பவர்களுக்கு அது வலப்பக்கம் இருக்கிறது, அம்பும் வலப்பக்கமே பார்க்கிறது. 2008-ல் ஃபயர்ஃபாக்ஸ் 3 பின்செல்லும் பொத்தானை முன்செல்லும் பொத்தானைவிடப் பெரிதாக்கியது. இரண்டும் சமமாகப் பயன்படுவதில்லை என்பது புரிந்தவர்கள் செய்த வேலை அது. 1997-ல் வெளிவந்த ஓர் ஆய்வில், பார்க்கப்படும் பக்கங்களில் 58 சதவீதம் முன்பே பார்த்தவை என்று தெரிந்தது. ஆக, திரும்பிப் போவதுதான் நம் வேலையில் பாதி. அந்தப் பாதி வேலைக்கு இத்தனை தூரம் ஓடுகிறோம்.

அந்த அம்மாவுக்கு முதலில் நான் சொன்னது உடற்பயிற்சி அல்ல. விண்டோஸ் கணினியானால் ஆல்ட் விசையும் இடது அம்பு விசையும். மேக் என்றால் கமாண்ட் விசையோடு இடது சதுர அடைப்புக்குறி. இடது கையை ஒரு வாரம் நினைவுபடுத்திக்கொண்டே இருங்கள், பிறகு தானாக வரும் (இந்தப் பழக்கம் நல்ல பழக்கம்). முன்பு பேக்ஸ்பேஸ் விசையே பின்செல்ல உதவியது. தட்டச்சு செய்துகொண்டிருக்கும்போது தவறி அழுத்திப் படிவத்தை இழந்தவர்கள் அதிகமானதால் 2016-ல் குரோம் அதை எடுத்துவிட்டது. அதைத் தேடி வருந்த வேண்டாம். பக்கவாட்டில் கட்டைவிரலுக்கு இரண்டு பொத்தான் உள்ள மவுஸ் கிடைத்தால் இன்னும் நல்லது. ஆனால் உங்கள் கட்டைவிரலே வலித்துக்கொண்டிருந்தால் வேண்டவே வேண்டாம்.

வலது ஓரப் பட்டையை இழுப்பதை இன்றோடு விடுங்கள், மவுஸ் சக்கரம் அதற்குத்தான். ஃபயர்ஃபாக்ஸ் போன்ற உலாவிகளில் கருவிப்பட்டியைத் தனிப்பயனாக்கும் வசதி உண்டு. பின்செல்லும் பொத்தானைப் பிடித்து வலப்பக்கம் இழுத்து விடலாம். எல்லா உலாவியும் விடாது. விடாத உலாவியில் சாளரத்தைத் திரை முழுக்க விரிக்காமல் பாதியாக வைத்தால் தூரமும் பாதிக்கு வந்துவிடும். செலவில்லாத வைத்தியம், அதனால்தானோ என்னவோ யாரும் செய்வதில்லை. எண் விசைகள் உள்ள நீளமான விசைப்பலகையும் மவுஸை வெளியே தள்ளிவிடுகிறது. எண் தட்டும் வேலை இல்லாதவர்கள் குட்டையான விசைப்பலகைக்கு மாறலாம்.

கைப்பேசி வேறு கதை, அங்கே அடி வாங்குவது கட்டைவிரல். பெரிய திரையை ஒரே கையில் பிடித்துக்கொண்டு எதிர் மூலைக்குக் கட்டைவிரலை நீட்டி நீட்டி, அதன் அடிப்பகுதியில் மணிக்கட்டோரம் வலியோடு வருபவர்களைப் பார்க்கிறேன். கட்டைவிரலை விரிக்கும் இரண்டு தசைநாண்களின் உறை தடித்து இறுகும் நோய் ஒன்று அந்த இடத்தில் உண்டு. 1895-லேயே டி குவெர்வேன் என்ற சுவிஸ் மருத்துவர் விவரித்தது. குழந்தையைத் தூக்கித் தூக்கிப் புதுத் தாய்மார்களுக்கு வருவது. எனவே எல்லாப் பழியையும் கைப்பேசிமீது போட மாட்டேன். வலி வந்தபின் அந்த நீட்டல் அதை ஆறவிடாது என்பது மட்டும் நிச்சயம். முகவரிப் பட்டியைக் கீழே கொண்டுவரும் அமைப்பு சஃபாரியில் 2021 முதல் இருக்கிறது, குரோமிலும் ஃபயர்ஃபாக்ஸிலும் உண்டு. "எல்லாம் இடம் மாறிவிட்டதே" என்று இரண்டு நாள் எரிச்சல் வரும். பொறுத்துக்கொள்ளுங்கள், தயவுசெய்து பழையபடி மாற்றிவிடாதீர்கள். ஓரத்திலிருந்து விரலை இழுத்துப் பின்செல்வதும் நல்லதே. ஆண்ட்ராய்டில் எந்த ஓரமும் ஆகும், ஐபோனில் பின்செல்ல இடது ஓரம் மட்டும் என்பதால் வலது கையில் பிடிப்பவர் மறுபடியும் எட்டித்தான் ஆக வேண்டும். அவர்கள் இரண்டு கையையும் பயன்படுத்தட்டும். இரண்டு கை எதற்கு இருக்கிறது?

அலுவலகங்களுக்கு மென்பொருள் எழுதுகிறவர்கள் யாராவது இதைப் படித்தால் ஒரு வேண்டுகோள். நீளமான பக்கத்தின் அடியில், படித்து முடிக்கும் இடத்திலேயே, 'பட்டியலுக்குத் திரும்பு' என்று ஒரு பொத்தான் வையுங்கள். 2023-ல் வந்த வலை அணுகல்தன்மை வழிகாட்டி பொத்தானின் அகலமும் உயரமும் குறைந்தபட்சம் 24 பிக்சல் என்கிறது, அதைவிடப் பெரிதாக வைத்தால் யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள்.

விரல்கள் மரத்துப்போனாலோ, இரவில் வலி எழுப்பினாலோ, பிடித்த பொருள் நழுவினாலோ பொத்தானை மாற்றிப் பார்த்துக்கொண்டு நாளைக் கடத்தாமல் உடனே வாருங்கள். வரும்போது நீங்கள் தினமும் பயன்படுத்தும் மவுஸையும் கைப்பேசியையும் எடுத்து வாருங்கள். எக்ஸ்ரேயை மறந்துவிட்டு வந்தாலும் பரவாயில்லை.