பிழைக்கக் கூடாத பி அணு பிழைப்பது எப்படி?

"மகளுக்கு 17 வயது. லூப்பஸ் என்று சொல்லிவிட்டு, இப்போது சிறுநீரகத்திலிருந்து துணுக்குத் திசு எடுத்துப் பார்க்க வேண்டும் என்கிறார்கள். வீட்டுப் பெரியவர்களோ ருது ஜாதகத்திலேயே தோஷம் இருந்தது என்கிறார்கள். வயதுக்கு வருவதற்கும் இந்நோய்க்கும் தொடர்பு உண்டா?" என்று வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார். வயதுக்கு வந்த நேரத்துக்கும் நோய்க்கும் தொடர்பு கிடையாது. வயதுக்கு வருவதற்கும் நோய்க்கும் தொடர்பு உண்டு.

லூப்பஸ் என்பது நோயெதிர்ப்பு ஆற்றல் சொந்த உடலையே தாக்கும் நோய். அந்நோயாளிகளில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பேர் பெண்கள். இந்த ஏற்றத்தாழ்வு பிள்ளைபெறும் வயதில்தான் உச்சத்தில் இருக்கிறது. பூப்புக்கு முன்பும் மாதவிடாய் நின்ற பின்பும் குறைந்துவிடுகிறது. சிறுநீரகத்தில் நடப்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம்: சொந்த டிஎன்ஏவைப் பற்றும் எதிர்ப்பொருள்கள், நாளொன்றுக்கு ஏறத்தாழ 180 லிட்டர் நீரை வடிக்கும் கிளாமருலஸ்கள் என்னும் நுண்வடிகட்டிகளில் படிந்து அழற்சியைத் தூண்ட, வடிகட்டி பழுதாகிப் புரதம் ஒழுகுகிறது. காலையில் இமைகள் வீங்குவதும், சிறுநீர் சோப்புத் தண்ணீர்போல் நுரைப்பதும் அதனால்தான்.

அந்த எதிர்ப்பொருள்களைச் சுரக்கும் அணுக்களை உடல் ஏன் விட்டுவைத்தது? எதிர்ப்பொருள் சுரப்பவை பி அணுக்கள் என்னும் வெள்ளை அணுக்கள். எலும்பு மஜ்ஜையில் நாள்தோறும் கோடிக்கணக்கில் பிறக்கும் இவற்றின் ஏற்பிகள் (பிற பொருள்களைப் பற்றும் மேற்பரப்புப் புரதங்கள்), மரபணுத் துண்டுகளைக் குலுக்கிச் சேர்த்து உருவாகுபவை என்பதால், கணிசமானவை சொந்த உடலின் பொருள்களையே பற்றும் ஏற்பியோடு பிறந்துவிடுகின்றன. ஏற்பி எதையேனும் இறுகப் பற்றியதும் அணுவுக்குள் வலுவான சமிக்ஞை பாய்கிறது. முதிர்ந்த அணுவுக்கு அது 'பெருகு' என்னும் கட்டளை. இளம் அணுவுக்கோ 'மடிந்துபோ' என்னும் கட்டளை. ஒரே சமிக்ஞைக்கு வயதைப் பொறுத்து இரு பொருள் இருப்பதை எத்தனை முறை படித்தாலும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

வயதுக்கு வரும்போது பெருகும் பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜன் கைவைப்பது இங்கேதான். நோயெதிர்ப்பு ஆய்வாளர் பெட்டி டைமண்டின் குழுவினர் எலிகளில் காட்டியபடி, இந்த ஹார்மோன் பி அணுக்களில் சிடி22, எஸ்எச்பி-1 என்னும் இரு புரதங்களைக் கூட்டுகிறது. இரண்டும் ஏற்பியின் சமிக்ஞைக்குப் பிரேக் போடுபவை. ஆகவே டிஎன்ஏவை இறுகப் பற்றிய இளம் அணுகூட, தொட்டும் தொடாமலும் உரசியதுபோல மெல்லிய சமிக்ஞையையே பெற்று, மடியாமல் தப்பிவிடுகிறது. போதாததற்கு, அணு மடிவதைத் தடுக்கும் பிசிஎல்-2 புரதத்தையும் அதே ஹார்மோன் கூட்டுகிறது. பிரேக் போடுவது நல்லதுதானே என்று தோன்றும். களையெடுக்கும் வேளையில் போட்ட பிரேக் என்பதுதான் சிக்கல்.

ஹார்மோனின் பங்கு 1970களிலேயே தெரிந்துவிட்டது. லூப்பஸ் போன்ற நோய் தானாகவே வரும் நியூசிலாந்துக் கலப்பின எலிகளில் பெண் எலிகள் ஆண்களைவிட வெகு முன்பே சிறுநீரகம் கெட்டு இறக்கும். ஆய்வாளர் நார்மன் டலாலின் குழு விதை நீக்கிய ஆண் எலிகளும் சீக்கிரமே இறந்தன, ஆண் ஹார்மோன் கொடுத்த பெண் எலிகள் கூடுதலாக வாழ்ந்தன. அப்படியிருந்தும், ஆய்வு நிதி கேட்போர் இரு பாலையும் கணக்கில் கொள்ள வேண்டும் என்ற அமெரிக்க தேசிய நலவாழ்வு நிறுவனங்களின் விதி 2016இல்தான் நடைமுறைக்கு வந்தது. இந்தத் தாமதத்தை மன்னிக்க எனக்கு மனம் வரவில்லை.

ஹார்மோன் மட்டுமே காரணமும் அல்ல. கூடுதலாக ஓர் எக்ஸ் குரோமோசோமுடன் பிறக்கும் ஆண்களுக்கு மற்ற ஆண்களைவிட லூப்பஸ் வாய்ப்பு பல மடங்கு அதிகம். எக்ஸில் உள்ள, நோயெதிர்ப்பைத் தூண்டும் டிஎல்ஆர்7 என்னும் மரபணு, இரண்டாம் எக்ஸ் முடக்கப்பட்ட பின்னும் சில அணுக்களில் அதிலிருந்தும் இயங்குவது இதற்கு ஒரு காரணமாகக் கருதப்படுகிறது.

வாசகி கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டும். மாதவிடாயைச் சீராக்க எழுதித்தரும் மாத்திரைகள் பலவற்றில் ஈஸ்ட்ரோஜன் உண்டு. நோய் அடங்கியிருக்கும் பெண்களுக்கு அவற்றால் நோய் கிளர்ந்தெழுவதில்லை என்று 2005இல் வெளியான இரு ஆய்வுகள் காட்டின. ஆனால் சிறுநீரக அழற்சி தீவிரமாக இருக்கும்போதும், இரத்தம் உறையத் தூண்டும் எதிர்ப்பொருள்கள் இருக்கும்போதும் மருத்துவர்கள் அவற்றைத் தவிர்ப்பார்கள். ஆகவே மகளுக்கு மாதவிடாய்க்கென மருந்து எழுதும் மருத்துவரிடம், லூப்பஸ் இருப்பதையும் திசுப் பரிசோதனை முடிவையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.