பெரும்போகத்துக்கு முன் மண் பரிசோதனை

விவசாயத் திணைக்களத்தின் ஆய்வுகூடங்கள் மண்ணைப் பரிசோதித்து, அந்த நிலத்துக்கு எந்தப் பசளை எவ்வளவு தேவை என்று சிபாரிசு செய்கின்றன. வன்னியில் இச்சேவையைப் பெற விரும்புபவர் முதலில் தமது பிரதேச விவசாயப் போதனாசிரியரை அணுகி, கட்டணத்தையும் மாதிரியை ஒப்படைக்க வேண்டிய இடத்தையும் கேட்டறிவது நல்லது. 2021 மே மாதம் தடைசெய்யப்பட்ட இரசாயனப் பசளை இறக்குமதி நவம்பரில் மீண்டும் அனுமதிக்கப்பட்டபோது, பசளையின் விலை எட்டாத உயரத்துக்குப் போயிருந்தது. பக்கத்து வயலில் எத்தனை மூடை போட்டார்களோ நாமும் அத்தனை மூடை என்ற வழக்கம் இனிக் கட்டுபடியாகாது.

ஆய்வுகூடம் பார்ப்பது நாம் கொடுக்கும் அரைக் கிலோ மண்ணை மட்டுமே என்பதால், அது முழு வயலுக்கும் உண்மையாக இருக்க வேண்டும். சிறுபோக அறுவடை முடிந்தபின், விதைப்பையொட்டி இடும் அடிக்கட்டுப் பசளையைப் போடுவதற்கு முன், நிலத்தில் குறுக்கும் நெடுக்குமாக நடந்து எட்டுப் பத்து இடங்களில் தாளடியையும் சருகையும் ஒதுக்கிவிட்டு, மண்வெட்டியால் 15 சென்ரிமீற்றர் ஆழத்துக்கு வெட்டி, குழியின் ஓரத்திலிருந்து மேலிருந்து கீழாக ஒரே கனத்தில் ஒரு சீவல் எடுக்க வேண்டும். வரம்பு, மாட்டெரு குவித்த இடம், வைக்கோல் எரித்த இடம், மரநிழல் ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும். எடுத்ததை நன்றாகக் கலந்து, நான்காகப் பிரித்து, எதிரெதிரான இரு பங்குகளை நீக்கி, அரைக் கிலோ வரும்வரை இவ்வாறே குறைத்து, நிழலில் உலர்த்த வேண்டும். யூரியாப் பையில் மண்ணைக் கட்டிக் கொண்டுபோவது பலர் விடும் தவறு. பையில் ஒட்டியிருக்கும் பசளையும் சேர்ந்தே அளக்கப்பட்டுவிடும்.

மேட்டுக்காணியின் செங்கபில மண்ணையும் குளத்தடிப் பள்ளக்காணியின் மண்ணையும் ஒன்றாகக் கலந்தால், வரும் முடிவு இரண்டுக்குமே பொருந்தாது. மன்னார் மாவட்டத்தின் முருங்கன் பக்கத்துக் கரிய களிமண்ணின் குணம் இவை இரண்டிலும் வேறு.

அறிக்கை கிடைத்ததும் பூநகரி போன்ற கரையோரப் பகுதியினர் முதலில் மின்கடத்துதிறனைப் பார்ப்பது நல்லது. அது மண்ணின் உவர்த்தன்மையைக் காட்டும் அளவு. நீரால் நிறைவுற்ற மண்ணிலிருந்து பிரித்த சாற்றில் அது மீற்றருக்கு 4 டெசிசீமனைத் தாண்டினால் அது உவர்மண். அந்நிலத்துக்கு வடிகாலும் நன்னீரால் உப்பைக் கழுவுவதும் செய்யாமல் பசளையைக் கூட்டுவது வீண்செலவு. மண்ணின் அமில, காரத் தன்மையைக் காட்டும் பி.எச். பெறுமானம் 5.5 முதல் 7 வரை இருந்தால் நெல்லுக்குக் குறையில்லை. பொசுபரசு போதியளவு இருப்பதாக அறிக்கை சொன்னால் பொசுபரசுப் பசளையான ரி.எஸ்.பி.யைக் குறைக்கலாம். நெற்பயிர் உறிஞ்சும் பொற்றாசியத்தின் பெரும்பகுதி வைக்கோலிலேயே தங்குவதால், வைக்கோலை வயலுக்கே திருப்பிக் கொடுப்பவருக்கு பொற்றாசியப் பசளையான எம்.ஓ.பி.யின் செலவும் குறையும். யூரியாவின் அளவை மட்டும் இப்பரிசோதனையைக் கொண்டு முடிவுசெய்ய இயலாது. அதற்குப் பயிரின் வயதையும் இலையின் நிறத்தையும் பார்த்து பயிர் வளரும்போது போடும் மேற்கட்டுப் பசளையைப் பிரித்து இட வேண்டும்.