செக்கண்ட் சை (இரண்டாம் தடவை) எடுக்கலாமா? உயர்தரத்தை மீண்டும் எழுத நினைப்பவர்களுக்கு

இலங்கையில் பல்கலைக்கழக அனுமதிக்கு உயர்தரப் பரீட்சையின் மூன்று தடவைகள்தான் கணக்கில் எடுக்கப்படும். முதல் தடவை சறுக்கிய பிள்ளைக்கு இன்னும் இரண்டு வாய்ப்பு உண்டு. இரண்டாம் தடவை, மூன்றாம் தடவை என்பதற்காகப் புள்ளி வெட்டுவதில்லை. முதல் சைக்காரரும் மூன்றாம் சைக்காரரும் ஒரே வரிசையில்தான் நிற்கிறார்கள்.

பலர் இடறுவது அடுத்த விதியில். கோட்டைவிட்ட பாடத்தை மட்டும் திரும்ப எழுதி அனுமதி பெற முடியாது. மூன்று பாடங்களிலும் ஒரே தடவையில் சித்தியடைந்திருக்க வேண்டும். அனுமதியைத் தீர்மானிக்கும் இசட் புள்ளியும் அந்த மூன்றையும் வைத்தே போடப்படும். உயிரியலில் ஏ, பௌதிகவியலில் பி, இரசாயனவியலில் எஸ் (சாதாரண சித்தி) எடுத்தவர் மூன்றையும் மறுபடி எழுத வேண்டும். போன வருட ஏயைச் சேர்த்துக்கொள்ள முடியாது. "கெமிஸ்ரிக்கு மட்டும் ரியூசன் போனால் காணும்" என்று வருடம் முழுக்க ஒரே பாடத்தில் கிடந்தால், கெமிஸ்ரி ஏறும்போது பயோ இறங்கிவிடும்.

வீட்டில் எல்லோரும் கேட்பது எத்தனை ஏ என்று. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு பார்ப்பது இசட் புள்ளியை. ஒரு பாடத்தில் எடுத்த புள்ளியிலிருந்து அந்த வருடம் அந்தப் பாடத்தின் சராசரியைக் கழித்து, நியம விலகலால் (எல்லோருடைய புள்ளிகளும் சராசரியைச் சுற்றி எவ்வளவு பரவியிருக்கின்றன என்ற அளவால்) வகுப்பார்கள். மூன்று பாடங்களுக்கும் இப்படி வருவதன் சராசரிதான் உங்கள் இசட் புள்ளி. கணக்குக்காக ஓர் எடுத்துக்காட்டு: சராசரி 45, நியம விலகல் 15 என்ற வருடத்தில் 66 எடுத்தவருக்கு 1.4 வரும். அடுத்த வருடம் வினாத்தாள் இலேசாகி, சராசரி 52, நியம விலகல் 14 என்றானால் அதே 66 க்கு 1.0 தான். "இன்னும் பத்துப் புள்ளி கூட எடுத்தால் கிடைத்துவிடும்" என்ற கணக்கு ஏன் பிழைக்கிறது என்பது இதில் தெரியும். உங்களோடு எழுதுபவர்களும் கூட எடுத்தால் அந்தப் பத்து கரைந்துவிடும்.

பெரும்பாலான கற்கைநெறிகளில் 40 வீத இடங்கள் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 வீதம் மாவட்டங்களுக்குச் சனத்தொகை விகிதப்படியும், 5 வீதம் கல்வியில் பின்தங்கியவையாக வகுத்த மாவட்டங்களுக்கும் போகின்றன. ஆகவே கொழும்பு மாவட்டத்தின் வெட்டுப்புள்ளியை (கடைசியாகத் தெரிவானவரின் இசட் புள்ளியை) பார்த்து முல்லைத்தீவுப் பிள்ளை முடிவெடுப்பதில் அர்த்தமில்லை. உங்கள் மாவட்டத்தில், நீங்கள் விரும்பும் கற்கைநெறிக்குக் கடந்த இரண்டு மூன்று வருட வெட்டுப்புள்ளிகளை எடுத்துப் பாருங்கள். மயிரிழையில் தவறியவருக்கு இன்னொரு தடவை எழுதுவது நியாயமான முயற்சி. இடைவெளி பெரிதென்றால், போன தடவை எது பிழைத்தது என்று துல்லியமாகச் சொல்லத் தெரிய வேண்டும். பரீட்சை நேரத்தில் காய்ச்சல், ஓர் அலகையே படிக்காமல் விட்டது போன்றவை திருத்தக்கூடியவை. "இந்த முறை நல்லாப் படிப்பன்" என்பது காரணமல்ல.

இன்னொரு தடை, உயர்தரத்தோடு சேர்த்து எழுதும் பொதுச் சாதாரணப் பரீட்சை. அதில் குறைந்தது 30 புள்ளி வேண்டும். இசட் புள்ளியில் அது சேராது என்பதால் அலட்சியமாக இருந்து, நல்ல பெறுபேற்றோடு வெளியே நிற்பவர்களும் உண்டு.

இனி முக்கியமான விடயம். "கம்பசுக்கு அப்ளை பண்ணினால் திரும்ப எழுத ஏலாது" என்ற கதை ஊரில் ஓடுகிறது. விண்ணப்பிப்பதால் எந்த வழியும் அடைபடாது. தெரிவாகி, பல்கலைக்கழகத்தில் பதிவு செய்வதுதான் அடைக்கும்: பதிந்தவர் பின்னர் புதிய பெறுபேற்றைக் காட்டி வேறு கற்கைநெறிக்கு வருவது பொதுவாக முடியாது. காலமும் நெருக்கமாகத்தான் இருக்கும். 2024 உயர்தரப் பெறுபேறு 2025 ஏப்ரலில் வந்தது. அடுத்த பரீட்சை நவம்பரில் தொடங்கியது. வெட்டுப்புள்ளி வெளிவரப் பெறுபேற்றுக்குப் பின் மாதக்கணக்கில் ஆகும். அதைப் பார்த்துவிட்டு முடிவெடுப்போம் என்று இருந்தால் அடுத்த பரீட்சை விண்ணப்பம் முடிந்துவிடலாம். எனவே பல்கலைக்கழக அனுமதி, அடுத்த பரீட்சை இரண்டுக்கும் விண்ணப்பியுங்கள். கிடைக்கும் இடத்தை ஏற்பதா விடுவதா என்பதைப் பதிவுக் காலத்தில் தீர்மானிக்கலாம். விட்டால், அந்தப் பழைய இசட் புள்ளியை அடுத்த வருட அனுமதிக்குக் கொண்டுபோக முடியாது என்பதையும் எடைபோடுங்கள்.

விண்ணப்பத்தில் மருத்துவ பீடங்களை மட்டும் வரிசையாகப் போட்டுவிட்டு நிறுத்துவது நம்மவர்களின் பழைய வியாதி. சித்த மருத்துவம், தாதியியல், விவசாயம், உயிரியல் விஞ்ஞானம் என்று விரும்பும் ஒழுங்கில் கீழேயும் நிரப்புங்கள். பிடிக்காத ஒன்றைப் பதியும்படி யாரும் கட்டாயப்படுத்தப் போவதில்லை.

ஏதாவது பாடத்தில் புள்ளி நம்ப முடியாதபடி குறைந்திருந்தால் முதலில் பரீட்சைகள் திணைக்களத்திடம் விடைத்தாள் மீள்பரிசீலனை கேளுங்கள். விண்ணப்பக் காலம் குறுகியது. பெறுபேறு வந்த உடனேயே அறிவித்தலைக் கவனியுங்கள்.

பதிவுக்குப் பணம் கட்டுவதற்கு முன், ஆணைக்குழுவின் அந்த வருடத்து அனுமதிக் கைநூலில் தகைமை பற்றிய பகுதியை வாசியுங்கள். தமிழிலும் இருக்கிறது. விதிவிலக்குகள் இருந்தால் அங்கேதான் எழுதியிருக்கும். ரியூட்டரி வாசலில் கேட்டதை வைத்து முடிவெடுக்காதீர்கள்.