‘இவனும் ஒரு ஹாலண்ட்’ என்பதை எப்படிக் கணக்கிடுகிறார்கள்?

மலையகத்தின் தோட்ட மைதானங்களில் ஓர் இளைஞன் அடுத்தடுத்த இரண்டு சுற்றுப்போட்டிகளில் கோல்களை அடித்துவிட்டால், மூன்றாவது போட்டிக்குள் அவனுக்கு ‘ஹாலண்ட்’ என்றோ ‘பென்சிமா’ என்றோ, புகழ்பெற்ற உதைபந்தாட்ட முன்கள வீரர் ஒருவரின் பெயர் பட்டப்பெயராக ஒட்டிக்கொள்கிறது. அந்தப் பெயரைப் பெரும்பாலும் தீர்மானிப்பவை அவனுடைய உயரமும் தலைமுடியும்தான். ஐரோப்பாவின் பெரிய உதைபந்தாட்டக் கழகங்களும் ஒரு புதிய முன்கள வீரரை வாங்குமுன் இதே ஒப்பீட்டைத்தான் செய்கின்றன. ஆனால் பெரும் பணம் கைமாறவிருப்பதால், அதைக் கண்மதிப்பில் விட்டுவிடாமல் கணக்கில் நிறுத்துகின்றன.

இந்தக் கணக்கு கோல் எண்ணிக்கையில் தொடங்குவதில்லை. எர்லிங் ஹாலண்ட் 2022–23 பருவத்தில் இங்கிலாந்தின் பிரீமியர் லீக்கில் 36 கோல்களை அடித்துச் சாதனை படைத்தார். 2025இல் இங்கிலாந்தின் ஆர்சனல் கழகத்துக்கு வந்த விக்டர் கியோக்கெரெஸ், அதற்கு முந்தைய பருவத்தில் போர்த்துக்கலின் ஸ்போர்ட்டிங் கழகத்துக்காக லீக் போட்டிகளில் 39 கோல்களை அடித்திருந்தார். ஒருவர் நோர்வே நாட்டவர், மற்றவர் சுவீடன் நாட்டவர். இருவருமே உயரமும் உடல்வலுவும் மிக்கவர்கள். ஆயினும் ஹாலண்ட் எதிரணியின் நடுப் பின்கள வீரர்கள் இருவருக்கும் இடையிலேயே காத்திருந்து, பந்தை மிகக் குறைவாகத் தொட்டு, கோலுக்கு அருகில் ஆட்டத்தை முடிப்பவர். ஸ்போர்ட்டிங்கில் கியோக்கெரெஸோ அடிக்கடி இடது பக்கம் விலகி ஓடிப் பந்தை வாங்கி, நீண்ட தூரம் தானே கொண்டுசென்றவர். கோல் என்ற முடிவு ஒன்றுதான் என்றாலும் அதற்குச் சென்ற வழிகள் வேறு. ஆட்டப்பாணி என்பது அந்த வழியைத்தான் குறிக்கிறது.

வழியை அளக்க வேண்டுமானால் அதைப் பதிவுசெய்ய வேண்டும். 1950இல் சார்ள்ஸ் ரீப் என்ற ஆங்கிலேயர் பென்சிலும் குறிப்புப் புத்தகமுமாக ஒரு போட்டியின் தாக்குதல்களைக் குறித்துக்கொள்ளத் தொடங்கினார். இன்று ஒவ்வொரு பாஸும் ஷொட்டும் பந்துப் பறிப்பும், நிகழ்ந்த இடத்தோடும் நேரத்தோடும் பதிவாகின்றன. இவற்றுக்கு மேலாக, மைதானத்தைச் சுற்றிய கெமராக்கள் 22 வீரர்களும் பந்தும் இருக்கும் இடங்களை நொடிக்கு 25 தடவைகள் குறிக்கின்றன. முன்கள வீரரைப் பொறுத்தவரை இந்த இரண்டாவது வகைப் பதிவுக்கே பெறுமதி அதிகம் என்பது என் எண்ணம். அவருடைய வேலையின் பெரும்பகுதி பந்து இல்லாமலே நடக்கிறது. பந்தை அவரே பெறாவிட்டாலும், ஒரு பின்கள வீரரைத் தன்னோடு இழுத்துச் சென்று சக வீரருக்கு இடம் திறந்துவிடும் ஓட்டத்தைப் பந்து நிகழ்வுகளின் பட்டியலில் எங்குமே காண முடியாது.

அடுத்து, எண்களைச் சமநிலைப்படுத்த வேண்டும். மாற்று வீரராக 20 நிமிடங்கள் ஆடியவரையும் முழு ஆட்டமும் ஆடியவரையும் ஒப்பிடுவதற்காக எல்லாவற்றையும் 90 நிமிடங்களுக்கு மாற்றுவார்கள். பெனால்டி கோல்களைத் தனியே பிரித்துவிடுவார்கள். ஹாலண்டின் அந்த 36 கோல்களில் 7 பெனால்டிகள். ஒவ்வொரு ஷொட்டுக்கும் அதன் தூரம், கோணம், உடலின் எந்தப் பகுதியால் அடிக்கப்பட்டது என்பவற்றைக் கொண்டு, கோலாகும் வாய்ப்பு 0க்கும் 1க்கும் இடையில் கணிக்கப்படுகிறது. பெனால்டிக்கு இது முக்காலைச் சற்றுத் தாண்டும். ஒரு வீரரின் கோல் எண்ணிக்கை சில வாரங்களில் அதிர்ஷ்டத்தால் ஏறி இறங்கலாம். ஆனால் அவர் எங்கிருந்து, எத்தனை தடவை ஷொட் அடிக்கிறார் என்பது அவ்வளவு விரைவில் மாறுவதில்லை. புதியவரை எடைபோடுவதற்கு இந்த இரண்டாவது தகவலே நம்பகமானது.

இப்போது ஒவ்வொரு வீரரும் எண்களின் ஒரு வரிசையாகிவிடுகிறார்: பந்தைத் தொட்ட தடவைகள், பெனால்டி எல்லைக்குள் தொட்டவை, தலையால் அடித்தவை, பின்னால் இறங்கிவந்து வாங்கியவை என்று அவ்வரிசை நீளும். இரு வரிசைகளுக்கு இடையிலான தூரத்தைக் கணிப்பது பள்ளிக்கூடத்தில் வரைபுத்தாளில் இரு புள்ளிகளுக்கு இடையிலான தூரத்தைக் கணித்ததன் நீட்சிதான். இரண்டு அச்சுகளுக்குப் பதிலாக இருபது முப்பது அச்சுகள் இருக்கும், அவ்வளவே. ஆனால் எண்களை அப்படியே போட்டால் கணக்கு கெட்டுவிடும். பந்தைத் தொட்ட தடவைகளில் இருவருக்கிடையே 20 வித்தியாசம் இருக்கலாம், கோலில் 0.3தான் இருக்கும், பெரிய எண் சிறியதை விழுங்கிவிடும். எனவே ஒவ்வோர் அளவிலும் ஒருவர் மற்ற முன்கள வீரர்களின் சராசரியிலிருந்து எவ்வளவு விலகி நிற்கிறார் என்று மாற்றிய பின்னரே தூரத்தை அளப்பார்கள்.

இந்தத் தூரம் பாணியையும் தரத்தையும் கலந்துவிடுகிறது. அதனால் பல ஆய்வாளர்கள் தூரத்துக்குப் பதிலாக இரு வரிசைகளுக்கு இடையிலான கோணத்தைக் கணிக்கிறார்கள். கோணம் விகிதத்தை மட்டுமே பார்க்கும். சிறிய கோப்பையிலும் பெரிய கேத்தலிலும் ஊற்றிய தேநீரில் சாயமும் பாலும் சீனியும் ஒரே விகிதத்தில் இருந்தால் சுவை ஒன்றுதான் என்பதைப் போல, எல்லா அளவுகளிலும் சராசரியிலிருந்து ஹாலண்ட் விலகும் அதே திசையில், ஆனால் அதில் பாதியளவே விலகி நிற்கும் ஒரு வீரரும் பாணியில் அவரை முழுமையாக ஒத்திருக்க முடியும். ‘90 வீதம் ஒத்திருக்கிறார்’ என்ற செய்தியைக் கண்டு துள்ளிக் குதிக்கும் இரசிகர்கள் கவனிக்கத் தவறுவது இதைத்தான்: அந்த வீதம் தரத்தைப் பற்றி ஒன்றும் சொல்லாமலே இருக்கலாம்.

பாணி என்பதில் எவ்வளவு வீரருக்குச் சொந்தம், எவ்வளவு பயிற்றுநருக்குச் சொந்தம் என்ற கேள்வியும் உண்டு; இதற்குக் கணினியிடம் எளிய விடை கிடையாது. இங்கிலாந்து முன்கள வீரர் ஹரி கேன் 2020–21 பருவத்தில் பிரீமியர் லீக்கில் 23 கோல்கள் அடித்ததோடு 14 கோல்களுக்குப் பந்தும் கொடுத்து, இரண்டு பட்டியல்களிலும் முதலிடம் பெற்றார். அவர் பின்னால் இறங்கிவந்து பந்தை வாங்கியது பயன்தந்ததற்குக் காரணம், அவர் விட்டுவந்த இடத்துக்குள் அவருடைய சக வீரர் சன் ஹியூங்-மின் பாய்ந்து ஓடியதே. 2009 மே 2 அன்று ரியல் மாட்ரிட்டை 6–2 என்று பார்சிலோனா வென்றபோது, மெஸ்ஸி வலது ஓரத்திலிருந்து நடுவுக்கு மாற்றப்பட்டு, அங்கிருந்து பின்னிறங்கி ஆடினார். வீரர் அதே மெஸ்ஸிதான். பயிற்றுநரின் ஒரு முடிவு அவருடைய எண்வரிசையை வேறொன்றாக்கியது.

மைதானமும் எண்களுக்குள் புகுந்துவிடும். நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றின் அடர்த்தி கொழும்பில் உள்ளதைவிட ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைவு. பந்தின் மீதான காற்றுத்தடையும் அதே விகிதத்தில் குறைவதால், தூரத்திலிருந்து அடிக்கும் ஷொட் வேகம் அதிகம் இழக்காமல் வந்துசேரும். அதேவேளை சுழற்றி அடித்த பந்து குறைவாகவே வளையும். தூர ஷொட்டில் அங்கே பெயரெடுத்த ஒருவரைக் கொழும்புக் கழகம் அழைக்கும்போது இதை நினைவிற்கொள்வது நல்லது. எழுவர் போட்டிகளில் சிக்கல் இன்னும் பெரிது: மைதானம் சுருங்குவதால் எல்லோரும் பந்தை அதிகம் தொடுவார்கள், அதை 90 நிமிடங்களுக்கு மாற்றினாலும் பதினொருவர் ஆட்டத்தின் எண் ஆகாது.

ஆகவே ஒரு தோட்ட அணியின் பயிற்றுநர் தம் புதிய முன்கள வீரரின் பாணியை அறிய விரும்பினால், தொலைக்காட்சியில் வரும் ஹாலண்டோடு அல்லாமல், அதே மைதானத்தில் ஆடும் மற்ற முன்கள வீரர்களோடு முதலில் ஒப்பிட வேண்டும். ஒரு தாளில் மைதானத்தை வரைந்து, பந்தைப் பெற்ற இடம், அப்போது முகம் கோலை நோக்கி இருந்ததா, அடுத்து என்ன செய்தார் என்ற மூன்றையும் ஐந்தாறு போட்டிகளுக்குக் குறித்தாலே, அவர் காத்திருந்து முடிப்பவரா, இறங்கிவந்து இணைப்பவரா, ஓரத்தில் ஓடுபவரா என்பது பெருமளவு தெரிந்துவிடும். சரிவான மைதானமாயின் இரண்டு பாதிகளையும் தனித்தனித் தாள்களில் குறிக்க வேண்டும். இறக்கத்தை நோக்கி ஆடும் பாதியில் எல்லா முன்கள வீரர்களும் வேகமான ஓட்டக்காரர்களாகவே தெரிவார்கள்.